கடலைத் திட்டிய கதை

நீங்கள் கடைசியாக ஒரு தேவதைக் கதையை எப்போது படித்தீர்கள்? தூங்க மறுக்கும் பிள்ளைக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னதை நான் கேட்கவில்லை. உங்களுக்காக, தனியாக உட்கார்ந்து, ரசித்து?

படித்திருக்க மாட்டீர்கள். வளர்ந்தவர்கள் அதைச் செய்வதில்லை. காலையில் எழுந்ததும் ராசிபலன் பார்ப்பார்கள். வாஸ்துக்காரர் சொன்னார் என்று நல்ல சுவரை இடிப்பார்கள். புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவார்கள். பேசும் கிளியும் பறக்கும் கம்பளமும் மட்டும் அவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனம். அப்படிப்பட்ட வளர்ந்தவர்கள் ஓர் ஊராகக் கூடி, ராஜா ராணிக் கதை படித்த ஒரு பெண்ணை என்ன செய்தார்கள் என்பதை எழுதுகிறேன்.

அவர் பெயர் சந்திரிகா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கு முன்னால் வரும் நடுமேட்டுக்குப்பத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் தனக்கோடி பைபர் படகில் பங்குக்குப் போகிறவர். பிள்ளை இல்லை. விடிகிற நேரத்தில் படகுகள் கரையேறும். மீனை மணலில் குவித்து ஏலம் விடுவார்கள். பெண்கள் சுற்றி நின்று விலையைக் குரல் கொடுத்துக் கேட்பார்கள். எடுத்த மீனை அலுமினியக் கூடையில் ஐஸ் போட்டு, லோடு ஆட்டோவில் ஏற்றி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார்கள். மீன் கூடையைப் பார்த்தாலே நடத்துநர்கள் விசில் கொடுத்துவிடுவதால் பஸ்ஸில் வர முடியாது. அந்த ஆட்டோவில் சந்திரிகாவுக்குப் பக்கத்தில் எப்போதும் அம்மணி இருப்பார். ஒரே ஊர்க்காரர், வயதில் மூத்தவர், மார்க்கெட்டிலும் பக்கத்து இடம்.

எட்டாவது வரை படித்த சந்திரிகாவுக்குப் புத்தகப் பழக்கம் வந்தது மீன் மடிக்கும் காகிதத்தால். தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஜெபசீலனின் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய காகிதக் கட்டுக்குள் அட்டை இல்லாத ஒரு படப் புத்தகம் இருந்தது. ஒரு தாளைக் கிழித்து ஓர் அம்மாளுக்கு நெத்திலி மடித்துக் கொடுத்துவிட்டார். கூட்டம் ஓய்ந்தபின் மீதியைப் புரட்டினார். ஏழு மலைக்கு அப்பால் அடைக்கப்பட்ட பெண் எப்படித் தப்பினாள் என்பது கிழித்த தாளில் போயிருந்தது. பொறுக்க முடியாமல் நெத்திலி வாங்கிய அம்மாளின் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார். தாள் குப்பைக்குப் போய்விட்டது. மீனில் ஏதோ கோளாறு என்று நினைத்து அந்த அம்மாள் பயந்துபோனாராம்.

அதன் பிறகு ஜெபசீலன் கதைப் புத்தகம் கிடைத்தால் தனியே எடுத்து வைப்பார். சந்திரிகா மதியத்தில், கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து படிப்பார். சத்தமாகச் சிரிப்பார்.

"இன்னாடி சிரிக்கிற, தலைக்கு ஏறிடிச்சா?" என்பார் அம்மணி.

"ராஜாவுக்கு மூக்கு வளந்துகினே போவுதுக்கா. தும்முனா மந்திரி பறந்து போய் வுழறான்."

"உன் வயசுக்கு இதெல்லாம் தேவையா? சாமி கதையாச்சும் படி. புண்ணியமாவது வரும்."

"அதப் படிச்சா புண்ணியம் வருதா, வருதான்னு பாத்துகினே இருக்கணும்க்கா. இதுல அந்தப் பேஜார் இல்ல."

நான் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம்தான் மீன் வாங்குவேன். பூதம், சூனியக்காரி என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறதே, இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்பச் சொல்லி யாரு சார் கேட்டா?" என்றார், வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே. "மொத வரிலயே ஒரே ஒரு ஊர்லன்னு சொல்லிடறான். நானும் அட்ரஸ் கேக்கல, அவனும் உண்டியல நீட்டல." துண்டுகளைப் பையில் போட்டுவிட்டு, "ஆனா படிச்சு முடிச்சு ஏந்திரிச்சா ஒரு மாதிரி ஆயிடுது சார். எறும்புக்கு வழி வுட்டவனுக்கு எறும்பு வந்து நிக்குது. காஞ்ச மரத்துக்குத் தண்ணி ஊத்துனவள மரம் ஒளிச்சு வச்சுக் காப்பாத்துது. அதப் படிச்சுட்டு இந்த மார்க்கெட்டப் பாத்தா, தோ இந்தப் பூனகூட எங்கிட்ட ஏதோ சொல்ல வந்த மாதிரி கீது. யாரையும் தாண்டிப் போவ முடில" என்றார்.

"பூன மீன் தலையத்தான் கேக்குது, போடு" என்றார் அம்மணி.

ஆன்மிகம் என்ற சொல்லைக் கேட்டால் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்கிறவன் நான். அதற்கு நேர்மையான பொருள் ஒன்று இருக்குமானால் அது சந்திரிகா சொன்னதுதான். நம்மைச் சுற்றி வேறு உயிர்கள் இருக்கின்றன என்று உறைப்பது. உறைத்தபின் அதற்குக் கூலி கேட்காமல் இருப்பது. தேவதைக் கதைகள் மென்மையானவை என்று படிக்காதவர்கள்தான் சொல்வார்கள். அவற்றில் பிள்ளைகளைக் காட்டில் விடுகிறார்கள், பெண்களின் கையை வெட்டுகிறார்கள். ஆனால் அங்கே கொடுமைக்குக் கொடுமை என்றுதான் பெயர். முன்வினை என்று எந்தக் கதையும் அதைப் பூசி மெழுகுவதில்லை.

2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி அலை வந்தபோது சந்திரிகாவும் அம்மணியும் தாம்பரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். தனக்கோடி பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். பக்கத்து வீட்டு சாவித்ரியின் கையிலிருந்து அவள் மகன் மகேஷ் நழுவிப் போனான். ஒன்றாம் வகுப்புப் பையன். உடல் கிடைக்கவில்லை.

சாவித்ரி பேச்சை விட்டாள். சோற்றை வாயில் வைத்தால் அப்படியே வைத்திருப்பாள். தகரக் கொட்டகைகளில் ஊரைக் குடிவைத்தபின் பலரும் வந்தார்கள். போர்வை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். காவி கட்டிய ஒருவர் வந்து, எல்லாம் கர்மபலன் என்று ஒலிபெருக்கியில் விளக்கினார். ஒன்றாம் வகுப்புப் பையன் என்ன கர்மம் செய்திருப்பான் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. சாவித்ரியின் கணவர் சிட்டிபாபு கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

அடுத்த கொட்டகை சந்திரிகாவுடையது. என்ன ஆறுதல் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். ஜெபசீலன் கொடுத்த ஒரு புத்தகத்தோடு போய் சாவித்ரியின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். கதைகளைச் சுவரிடம் வாசிப்பதுபோல் இருந்தது. பங்குனி மாதம் ஒருநாள் கடல்ராஜாவின் கதை வந்தது.

ஒரே ஒரு ஊரில் ஒரு தாயின் பிள்ளையைக் கடல்ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவள் கரையில் உட்கார்ந்து அவனைத் திட்டுகிறாள். இரவு பகலாகத் திட்டுகிறாள். கடல்ராஜாவுக்குத் தூக்கம் கெடுகிறது. வாயை அடைக்க முத்து அனுப்புகிறான். அதைத் திருப்பி வீசுகிறாள். பவளம் அனுப்புகிறான், அதையும் வீசுகிறாள். இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போ என்கிறான். நான் ஏன் இறங்க வேண்டும், எடுத்தவன் கொண்டுவந்து கொடு என்கிறாள்.

"அப்புறம்?" என்றாள் சாவித்ரி.

அலைக்குப் பின் அவள் பேசிய முதல் சொல் அது. சந்திரிகா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் போய்விடும் என்று பயந்தாராம். "அப்புறம் இன்னா, தாங்க முடியாம புள்ளையக் கொண்டாந்து கரையில போட்டுட்டு ஓடறான்" என்று முடித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள் சாவித்ரி. வாசித்தார்.

மறுநாள் காலை சாவித்ரி கரைக்குப் போனாள். சந்திரிகா பின்னாலேயே போனார்.

"டேய் கஸ்மாலம்," என்று கடலைப் பார்த்து ஆரம்பித்தாள் சாவித்ரி. "எம்புள்ளைய எங்கடா வச்சுகினுகீற? அவன் சோத்துல பூண்டு இருந்தா துப்புவான், தெரியுமா உனுக்கு? ராவுல எழுப்பி வெளிய வுடாட்டி பாயெல்லாம் நனைப்பான். பல்லு வெளக்குன்னா ஊரையே கூட்டுவான். வச்சுகினு நல்லா அல்லாடு. எனுக்கு இன்னா."

தொண்டை கட்டும்வரை திட்டினாள். திரும்பி வந்து சோறு கேட்டாள். தினமும் அது வழக்கமாயிற்று. கரையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி திட்டுவாள், இன்னொருவர் வசவு எடுத்துக் கொடுப்பார். சில நாள் இருவரும் சிரித்துவிடுவார்கள். சிட்டிபாபுகூட எழுந்து வலை பின்னப் போனார்.

"வர மாட்டான்னு தெரியும்க்கா" என்றாளாம் சாவித்ரி ஒருநாள். "ஆனா திட்டுனா பசிக்குது."

இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது. நம்பிக்கை என்றும் மூடத்தனம் என்றும் இரண்டே பெட்டிகள் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இதை எந்தப் பெட்டியிலும் போட முடியாது.

ஆனி மாதம் வலையில் மீன் விழவில்லை. அலை கடலடியைப் புரட்டிப் போட்டிருந்தது. பெரிய விசைப்படகுகள் கரைவரை வந்து வாரிக்கொண்டு போயின. காரணங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் அலைக்குப் பின் ஊருக்குள் வந்து, சவுக்குத் தோப்போரம் கொட்டகை போட்டு, சூலம் நட்டு அருள்வாக்கு சொல்லிக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி வேறு காரணம் சொன்னாள். அந்த ஊரில் கடல் என்பது ஆத்தாள். ஆத்தாளை ஒருத்தி தினமும் வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். அதனால்தான் ஆத்தாள் மீனை மறைத்துவிட்டாள். பையனும் அங்கே நிம்மதியாக இல்லை, அம்மா பேசும் பேச்சுக்கு அவன் அடி வாங்குகிறான்.

கடைசி வரியைக் கவனியுங்கள். மீன் கதை ஊருக்கு, அடி வாங்கும் கதை சாவித்ரிக்கு. அவள் திட்டுவதை நிறுத்தினாள். சோறும் நின்றது.

பரிகாரம் ஆடி அமாவாசைக்கு என்று குறிக்கப்பட்டது. விரதம் இருந்து, மஞ்சள் சேலை கட்டி, பால்குடத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முங்கி எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஊர்த் தலைவர் தினகரன் பம்பைக்காரர்களை ஏற்பாடு செய்தார்.

"போவாத" என்று சந்திரிகா சொன்னார். "கதைல அவ எறங்கவே மாட்டா, நெனச்சுப் பாரு."

"அது கதைக்கா," என்றாள் சாவித்ரி. "இது நெசம்."

அன்று காலை கடல் கொந்தளிப்பாக இருந்தது. ஊரே கரையில் நின்றது. நடக்கப் பழகும் முன்பே நீந்தப் பழகிய ஆண்கள் அத்தனை பேர் நின்றார்கள். சாவித்ரி இறங்கினாள், முங்கினாள், எழுந்தாள். மறுபடி முங்கியபோது அலை அவளைப் புரட்டி இழுத்தது. ஒரு கை மேலே தெரிந்தது. சிட்டிபாபு தண்ணீருக்குள் கால் வைத்தார். சாமுண்டீஸ்வரி சூலத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"ஆத்தா பேசிகினுகீறா. யாரும் போவாத."

யாரும் போகவில்லை. பம்பை நிற்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஓடிய சந்திரிகாவை அம்மணியும் இன்னும் சில பெண்களும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கை மறுபடி தெரிந்தது, அதன்பின் தெரியவில்லை. உடல் அடுத்த குப்பத்தில் ஒதுங்கியது. குளிக்கப் போனவர் அலையில் சிக்கினார் என்று போலீஸில் எழுதி வழக்கை மூடினார்கள்.

நீந்தத் தெரிந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றதை அந்த ஊர் எப்படிச் செரித்துக்கொள்ளும்? அதற்கு ஒரு குற்றவாளி வேண்டும். பஞ்சாயத்து கூடியது.

"கதைய படிச்சுக் காட்னது யாரு?" என்றார் தினகரன்.

"நான்தான்" என்றார் சந்திரிகா.

"கடல திட்டச் சொல்லிக் குடுத்தது?"

"கதைல ஒருத்தி திட்டுறா. கரையில உக்காந்துகினு திட்டுறா, தண்ணில கால் வைக்கல. தண்ணில எறங்கச் சொன்னது யாருன்னு கேளுண்ணா. காப்பாத்தப் போனவன நிறுத்துனது யாருன்னும் கேளு. தோ, புக்கு. படிச்சுப் பாருங்க."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. யாரும் வாங்கவில்லை.

"அத நீ படிக்காம இருந்திருந்தா எம்பொண்டாட்டி இருந்திருப்பா" என்றார் சிட்டிபாபு.

"பட்டினியிலயே போயிருப்பா, சிட்டி. சோறு தின்னாளா இல்லியா, நீயே சொல்லு."

தீர்ப்பு சொன்னார்கள். சாமுண்டீஸ்வரியின் காலில் விழுந்து, புத்தகத்தைக் கொளுத்தி, சாவித்ரியைக் கொன்றது நான்தான் என்று கடலைப் பார்த்து ஊரறியச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க்கட்டுப்பாடு.

"புக்க கொளுத்திக்கங்க. வேற வாங்கிப்பேன்" என்றார் சந்திரிகா. "கொன்னேன்னு சொல்ல மாட்டேன்."

ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்னவென்று நகரத்து வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடிக்க மாட்டார்கள், வைய மாட்டார்கள். மறுநாள் விடியலில் சந்திரிகா கரையில் நின்று சங்கரா மீனுக்கு விலை கேட்டார். ஏலக்காரர் காதில் அது விழவில்லை. குறைந்த விலை கேட்ட அடுத்த பெண்ணுக்குக் குவியல் போனது. மறுபடி கேட்டார், இன்னும் உரக்க. அவர் நின்ற இடத்தில் யாரும் இல்லை என்பதுபோல் ஏலம் அவரைத் தாண்டிப் போனது. லோடு ஆட்டோ அவருக்காக நிற்கவில்லை. மளிகைக் கடைக்காரர் அவருக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார். பக்கத்துக் குப்பங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஐஸ் கம்பெனியில் இருப்பு வைத்த பழைய மீனை வாங்கிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்தார். அம்மணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. கட்டுப்பாடு மார்க்கெட்வரை நீளும். என்ன இது என்று அம்மணியிடம் கேட்டேன்.

"எனுக்கு பொண்ணு கீது சார். ஊருக்குள்ளதான் கட்டிக் குடுக்கணும்" என்றார், தராசைத் துடைத்தபடி. அடுத்த கூடைக்குக் கேட்கும் தூரம்தான். சந்திரிகா ஈ விரட்டிக்கொண்டிருந்தார்.

தனக்கோடியை எந்தப் படகிலும் ஏற்றவில்லை. ஐப்பசி வரை தாக்குப்பிடித்தார். அப்புறம் ஒரு காலையில் கரைக்குப் போய், எம்பொண்டாட்டிதான் சாவித்ரியைக் கொன்றாள், எனக்கும் அவளுக்கும் இனி ஒன்றுமில்லை என்று சொல்லி, சாமுண்டீஸ்வரியின் காலில் விழுந்து எழுந்தார். அன்றைக்கே படகில் இடம் கிடைத்தது. பிறகு மார்க்கெட்டுக்கு வந்து சந்திரிகாவின் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டு அம்மணியிடம் பேசினார்.

"அவ துணிமணியெல்லாம் கொட்டாய்ல கீது. ஆள அனுப்பி எடுத்துக்கச் சொல்லுக்கா."

"இன்னா சொன்ன அவங்ககிட்ட?" என்று சந்திரிகா அவரையே கேட்டார்.

"சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்னு சொல்லுக்கா" என்றார் தனக்கோடி அம்மணியிடம்.

இது 2008. சந்திரிகா இப்போது தாம்பரத்துக்குப் பக்கத்தில் கடப்பேரியில் ஓர் அறையில் இருக்கிறார். கையிலிருந்த முதல் கரைந்துபோனதால் சொந்தமாக மீன் போடுவதில்லை. மார்க்கெட் மூலையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து, மற்றவர்கள் வாங்கும் மீனை ஆய்ந்து கொடுக்கிறார். மதியத்தில் படிக்கிறார். இன்னும் சிரிக்கிறார், ஆனால் என்ன கதை என்று கேட்க ஆள் இல்லை.

நடுமேட்டுக்குப்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். அகாலமாகச் செத்த பெண்ணைச் சாமியாக்குவது நம் பழைய வழக்கம். சவுக்குத் தோப்போரம் இருந்த கொட்டகை இப்போது கிரானைட் தரை போட்ட கோயில். அதில் சாவித்ரியம்மன் இருக்கிறாள். பிள்ளையைத் தேடிக் கடலுக்குள் போனவளை ஆத்தாள் தன்னோடு சேர்த்துக்கொண்டாள் என்பது தலபுராணம். சாமுண்டீஸ்வரி வாக்கு சொல்கிறாள், தினகரன் தர்மகர்த்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் வேளச்சேரியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் காரில் வந்து பிள்ளை வரம் கேட்கிறார்கள். அப்படியே கரையில் புதிதாக மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். புத்தகத்தில் இருந்த கதையைக் கொளுத்தச் சொன்ன ஊர் தானே ஒரு கதை கட்டிவிட்டது. இதில் 'ஒரே ஒரு ஊரில்' இல்லை. உண்டியல் இருக்கிறது.

போன மாதம் ஊரிலிருந்து ஆள் வந்தது. பழைய தீர்ப்பை மறந்துவிடுவார்களாம். சாவித்ரியம்மன் சன்னதியில் வந்து ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டால் போதும், கட்டுப்பாடு நீங்கிவிடும், தனக்கோடியும் சேர்த்துக்கொள்வார்.

"போறீங்களா?" என்று கேட்டேன்.

"அவ என் சிநேகிதி சார்," என்றார் சந்திரிகா. "கும்புட முடியாது."

இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்தக் கோயிலுக்குப் போய் வந்தவர்கள். அடுத்த ஞாயிறும் போவீர்கள். சாமி கும்பிடாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். கரையில் மீன் வாங்க நிற்கும்போது ஏலக்காரரின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, சந்திரிகா கேட்ட விலை ஏன் உங்கள் காதில் விழவில்லை என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கே ஒரு மீனும் வாங்காதீர்கள்.